கடப்பாக் கல்லும் கலிவி கோடியும்

மும்பையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையலறைக்குள் நுழைந்ததும் மேடைக் கல்லைத் தடவிப் பார்ப்பார்கள். கிரானைட்டா, கடப்பாவா? மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும், செம்பூரின் காலனி வீடுகளிலும், தாராவியின் ஒற்றை அறைகளிலும் பாத்திரம் அடுக்கும் தட்டு, குடம் வைக்கும் திண்டு, மோரியின் விளிம்பு என்று எங்கும் கறுப்பாகக் கிடப்பது பெரும்பாலும் கடப்பாக் கல்தான். அந்தக் கல்லுக்குப் பெயர் கொடுத்த ஆந்திரத்தின் கடப்பா மாவட்டம், உலகின் மிக அரிய பறவைகளில் ஒன்றுக்குக் கடைசிப் புகலிடமாகவும் இருக்கிறது.

அதன் பெயர் ஜெர்டான் கல்குருவி. உள்ளூர்த் தெலுங்கு மக்களுக்குக் கலிவி கோடி. கௌதாரியை விடச் சற்றுச் சிறியது. நீண்ட கால்கள், பெரிய கண்கள், நெஞ்சில் இரண்டு பட்டைகள். பகலெல்லாம் முள்புதரின் நிழலில் அசையாமல் இருக்கும். இருட்டிய பிறகு புதர்களுக்கு நடுவே உள்ள வெட்டவெளியில் ஓடி ஓடிக் கரையானும் பூச்சியும் பிடித்துத் தின்னும். பறக்கத் தெரிந்தாலும் அதன் வாழ்க்கை முழுவதும் தரையில்தான். தரையை யார் தோண்டினாலும் முதலில் வீடிழப்பது இப்படிப்பட்ட பறவைதான்.

சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டான் கண்டெடுத்த இந்தப் பறவையை, 1848-ல் எட்வர்ட் பிளித் அறிவியல் உலகுக்கு விவரித்தார். 1900-ல் அனந்தப்பூர் பக்கம் ஒருமுறை பதிவானது. அதோடு சரி. பிறகு சாலிம் அலி உட்படப் பலர் தேடியும் கிடைக்கவில்லை. அழிந்துபோன இனங்களின் வரிசையில் அதைச் சேர்த்துவிட்டார்கள்.

அதை மீட்டெடுத்த முயற்சி மும்பையிலிருந்துதான் தொடங்கியது. கோட்டைப் பகுதியில் லயன் கேட் எதிரே இருக்கும் ஹார்ன்பில் ஹவுஸ், 1883-ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் தலைமையகம். எண்பதுகளில் அந்தச் சங்கம் பறவையின் படம் போட்ட சுவரொட்டிகளைக் கடப்பா வட்டாரக் கிராமங்களில் பரப்பியது. 1986 ஜனவரியில் ரெட்டிப்பள்ளி என்ற ஊருக்கு அருகே, உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு பறவையைக் கையாலேயே பிடித்துவிட்டார். சங்கத்தின் ஆய்வாளர் பாரத் பூஷண் வந்து பார்த்து உறுதிசெய்தார். பிடிபட்ட பறவை பிழைக்கவில்லை. ஆனால் இனம் பிழைத்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. 90 வயதை நெருங்கிக்கொண்டிருந்த சாலிம் அலி தம் வாழ்நாளிலேயே அந்தச் செய்தியைக் கேட்டார். 1988-ல் ஸ்ரீ லங்காமல்லேஸ்வரா வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. அதே ஆண்டு இந்திய அஞ்சல் துறை பறவைக்குத் தபால் தலையும் வெளியிட்டது.

86 ஆண்டுகள் அந்தப் பறவை அங்கேயே இருந்திருக்கிறது. அதைப் பார்த்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். 1900-க்குப் பிறகும் பறவை இருந்தது என்பதற்கு இன்னொரு சான்று ஸ்காட்லாந்தில் கிடைத்தது. அபர்தீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருந்த முட்டை ஒன்று இந்தப் பறவையுடையது என்று 2013-ல் அறிவிக்கப்பட்டது. இன்றுவரை அறியப்பட்ட ஒரே முட்டை அது. 1917-ல் அதைச் சேகரித்தவர் கோலார் தங்கவயலில் வேலை பார்த்த ஒருவர். ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வேர்வை சிந்திய அந்தத் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. சயனைடு கலந்த கழிவு மண் மேடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. கல்குருவி அங்கிருந்து எப்போது போனது என்பதை எழுதிவைத்தவர் எவருமில்லை.

சுரங்கங்களுக்கும் தரைவாழ் பறவைகளுக்கும் இடையிலான கதை பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. முதலில் பறவை பதிவேட்டில் இருப்பதில்லை. பதிவேட்டில் இல்லாததால் அங்கே அது இல்லை என்று முடிவாகிறது. அந்த முடிவின் மேல் அனுமதி வருகிறது.

கால்தடம் தேடிய ஆய்வாளர்

இரவில் மட்டும் நடமாடி, ஆள் அரவம் கேட்டால் புதருக்குள் மறையும் பறவையை எப்படிக் கணக்கெடுப்பது? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். இன்று தமிழில் பறவைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் ப. ஜெகநாதன், அப்போது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இளம் ஆய்வாளர். புதர்களுக்கு இடையே பொடி மண்ணைப் பட்டையாகப் பரப்பிவைத்து, காலையில் அதில் பதிந்திருக்கும் கால்தடங்களை அவரும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். தானியங்கி கேமராக்களைப் பொருத்தினார்கள். பறவையின் குரலைப் பதிவுசெய்து, அதை ஒலிக்கவிட்டு, பதில் குரல் எங்கிருந்து வருகிறது என்று காத்திருந்தார்கள்.

அந்த ஆய்வில் தெரியவந்த ஒன்று சுரங்க விவாதங்களில் அடிக்கடி பேசப்பட வேண்டியது. கல்குருவிக்கு அடர்ந்த காடும் ஆகாது, மொட்டைத் தரையும் ஆகாது. ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 300 முதல் 700 வரை பெரிய புதர்கள், அவற்றுக்கிடையே திறந்த மண் இருக்கும் நிலமே அதற்குப் பிடித்தது. ஆடு மாடு ஓரளவு மேய்ந்து, ஊரார் விறகு ஓரளவு வெட்டுவதால்தான் நிலம் அந்தப் பக்குவத்தில் நிற்கிறது. மேய்ச்சல் அளவு மீறினாலும் கெடும், அடியோடு நின்றாலும் கெடும். ஆட்டுக்காரரும் பறவையும் ஒரே நிலத்தில் ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறார்கள்.

அந்த நிலத்துக்கு ஆபத்து 2005 அக்டோபரில் வந்தது. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கீழ் வெட்டப்பட்ட கால்வாய் ஒன்றுக்காக, உரிய அனுமதியில்லாமல் இயந்திரங்கள் சரணாலயப் பகுதிக்குள் நுழைந்து புதர்க்காட்டைச் சிதைத்தன. களத்தில் இருந்த ஆய்வாளர்கள் அதைக் கண்டு உடனே தெரிவித்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழு வரை போனது. வேலை நின்றது; கால்வாயின் வழித்தடம் மாற்றப்பட்டது. தண்ணீரும் வேண்டும், பறவையும் வேண்டும் என்றால் கோட்டைச் சற்றுத் தள்ளிப் போட முடியும் என்பதை அந்த நிகழ்வு காட்டியது. ஆய்வாளர்கள் அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் கால்வாய் வெட்டி முடிந்த பிறகுதான் யாருக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு நீண்ட மௌனம். 2008-க்குப் பிறகு உறுதியான பதிவு எதுவும் வராமல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடின. மறுபடியும் போய்விட்டது என்று பலர் முடிவுகட்டியிருந்த வேளையில், 2025 ஆகஸ்டில் பறவை ஆர்வலர் குழு ஒன்று ஆந்திரப் புதர்க்காட்டில் அதன் குரலைப் பதிவுசெய்தது.

தரிசு என்று எழுதப்பட்ட நிலம்

பழைய கடப்பா மாவட்டத்தின் செல்வம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மங்கம்பேட்டையில் உலகப் புகழ்பெற்ற பேரைட்டிஸ் படிவம். எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்குத் தேவையான கனிமம் அது. தும்மலப்பள்ளியில் யுரேனியம். எர்ரகுண்ட்லா பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும். இவை எல்லாம் கல்குருவியின் வீட்டு வாசலில் இருப்பவை என்று சொல்ல முடியாது. ஆனால் கல்குவாரி, விவசாய விரிவாக்கம், தோட்டப் பயிர், மரம் நடும் திட்டம் என்று ஒவ்வொன்றும் புதர்நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துவருவதைப் பறவையியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

புதர்நிலமும் புல்வெளியும் அரசு ஆவணங்களில் பயனற்ற நிலம். மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபட நூலில் புதர்நிலம் ஒரு தனி வகையாகவே இடம்பெறுகிறது. காட்டை அழிக்கிறார்கள் என்றால் ஊரே குரல் கொடுக்கும். முள்ளுக்காட்டை அழிக்கிறார்கள் என்றால் நல்லதுதானே என்பார்கள். கௌதாரி, காடை, கல்கௌதாரி, கண்கிலேடி, ஆட்காட்டி, வானம்பாடி எல்லாம் வெறும் தரையில் முட்டையிடுபவை. வெளிமானும் குள்ளநரியும் அங்கேதான் வாழ்கின்றன. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் வல்லநாட்டுக் குன்றைப் பார்த்திருப்பவர்களுக்கு இது தெரியும்: வறண்ட முள்மலை போலத் தோன்றும் அந்த இடம் வெளிமான்களின் சரணாலயம்.

சுரங்கம் தோண்டுவது குழிக்குள் மட்டும் நடப்பதில்லை. வெளியே கொட்டும் மண் மேடு குழியைப் போலவே இடம் கேட்கும். லாரிகள் கிளப்பும் புழுதி புல்லின் மேல் படிந்தால் பூச்சிகள் குறையும். பூச்சி குறைந்தால் குஞ்சு பிழைக்காது. இரவு விளக்குகள் இருட்டை நம்பி வாழும் பறவையை விரட்டும். தொழிலாளர் குடியிருப்போடு நாய்கள் வரும். தரையில் கிடக்கும் முட்டைக்கு நாயை விடப் பெரிய எதிரி இல்லை. மின்கம்பிகளும் வரும். தார்ப் பாலைவனத்தில் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 84,000 பறவைகள் மின்கம்பிகளால் இறப்பதாக இந்திய வனஉயிரின நிறுவனம் 2020-ல் கணக்கிட்டது. இந்தியாவில் 150 அளவிலேயே எஞ்சியிருக்கும் கானமயிலை முடித்துக்கொண்டிருப்பதும் இந்தக் கம்பிகள்தான்.

இன்னொரு கொடுமை உண்டு. சுரங்கத்துக்காகக் காடு அழிந்தால் வேறிடத்தில் மரம் நட்டு ஈடுகட்ட வேண்டும் என்கிறது சட்டம். மரம் நடுவதற்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் புல்வெளி. ஆக, ஒரு சுரங்கம் தான் தோண்டாத இடத்திலும் தரைப்பறவையின் வீட்டைப் பறித்துவிடுகிறது.

ஒரே பருவம், அதுவும் மழையில்லாத பருவம்

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுரங்கத் திட்டங்களுக்கு அடிப்படைத் தரவு திரட்டுகிறார்கள். வழக்கமாகக் கேட்கப்படுவது ஒரு பருவத்தின் தரவு. மழைக்காலம் அதில் சேராது. இந்த ஒரு வரியில் எத்தனை பறவைகள் காணாமல் போகின்றன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வரகுக்கோழியை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் புல்வெளிகளில் தென்மேற்குப் பருவமழையின்போதுதான் அது வந்து கூடுகிறது. ஆண் பறவை புல்லுக்கு மேலே எம்பி எம்பிக் குதித்துப் பெட்டையை அழைக்கும்; அந்தக் குதிப்பை வைத்துத்தான் அங்கே வரகுக்கோழி இருக்கிறது என்றே கண்டுகொள்ள முடியும். ஜனவரியில் போய்த் தேடுபவர் நேர்மையாகவே ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வரலாம்.

நேர்மையில்லாமல் எழுதியவர்களும் உண்டு. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் பாக்சைட் சுரங்கம் ஒன்றுக்காகத் தயாரித்த அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பகுதிகள் அப்படியே பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. கொங்கணத்தின் செம்பாறை மேட்டில் என்ன இருக்கிறது என்பதை அறிய ரஷ்யாவின் தாவரங்களைப் பட்டியலிட்டது அந்த ஆவணம். விழிப்பான சூழலியல் வழக்கறிஞர்கள் கையும் களவுமாகப் பிடித்ததால் அது வெளியே வந்தது.

சரணாலயம் என்று அறிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? குஜராத்தின் கட்ச் பகுதியில் சிங்காரா மான்களுக்கும் புல்வெளிப் பறவைகளுக்கும் புகலிடமாக இருந்த நாராயண் சரோவர் சரணாலயத்தின் பரப்பு 765.79 சதுர கிலோமீட்டர். அடியில் சுண்ணாம்புக்கல் இருந்தது. 1993-ல் மாநில அரசு அதை 94.87 சதுர கிலோமீட்டராகச் சுருக்கியது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும், 1995-ல் சட்டமன்றத் தீர்மானத்தின் மூலம் 444.23 சதுர கிலோமீட்டராகக் குறைத்தார்கள். 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு சட்டம் இறுக்கப்பட்டது: தேசிய வனஉயிரின வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் இன்று சரணாலயத்தின் எல்லையை மாற்ற முடியாது. சரணாலயங்களுக்குள்ளும் அவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதிப்படுத்தியது.

மகாராஷ்டிரத்தில் எதிர்த்திசைத் தவறும் நடந்தது. சோலாப்பூர் அருகே நான்னஜ் கானமயில் சரணாலயம் 1979-ல் 8,496 சதுர கிலோமீட்டராக அறிவிக்கப்பட்டது. ஊர்களும் வயல்களும் எல்லைக்குள் வந்தன. நிலம் விற்க முடியாமல் தவித்த விவசாயிகள் பறவையின் மேலேயே வெறுப்புக் கொண்டார்கள். பின்னாளில் பரப்பு 1,222 சதுர கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. அதற்குள் கானமயில்கள் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டன. அங்கே வாழ்பவரின் பிழைப்பைப் பறித்துவிட்டுப் பறவையைக் காப்பாற்ற முடியாது. அகோலா வட்டாரத்தில் வேட்டையையே வாழ்வாகக் கொண்டிருந்த பாஸே பார்தி மக்கள் வரகுக்கோழியைக் காக்கும் வேலையில் இன்று சேர்ந்திருக்கிறார்கள். ரெட்டிப்பள்ளி வேட்டைக்காரரின் கண்ணுக்குத் தெரிந்தது எந்த நிபுணருக்கும் தெரியாமல் போனதை நினைத்தால், இதுவே சரியான வழி.

அரிட்டாப்பட்டி காட்டியது

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகே உள்ள அரிட்டாப்பட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், பல ஏரிகள், சுனைகள், தமிழி கல்வெட்டு, சமணப் படுக்கை, குடைவரைக் கோயில். 250 அளவிலான பறவை இனங்கள், கூடவே அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு. இத்தனையும் எழுத்தில் இருந்தன. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் ஏலம் முடிந்த நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் 2,015 ஹெக்டேருக்குள் இந்தத் தலமும் சேர்ந்திருந்தது.

ஊர் திரண்டது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர் வட்டாரத்திலிருந்து மதுரை வரை மக்கள் பேரணியாகப் போனார்கள். ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மும்பையிலும் இதற்கு இணையான வெற்றி உண்டு: இந்நகரைச் சேர்ந்த ஆவாஸ் ஃபவுண்டேஷன், வனசக்தி அமைப்புகள் தொடுத்த வழக்கில், சாவந்த்வாடி–தோடாமார்க் வனவழித்தடத்தின் 25 கிராமங்களைச் சூழல் நுண்ணுணர்வுப் பகுதியாக அறிவிக்கும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் உத்தரவிட்டது. இரும்புத் தாதுச் சுரங்கங்கள் குறிவைத்திருந்த காடு அது.

ஆனால் அரிட்டாப்பட்டிக்குப் பின் வந்த மாற்றம் கவலை தருகிறது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்கள் மற்றும் முக்கியக் கனிமங்களின் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. டங்ஸ்டன் முக்கியக் கனிமங்களில் ஒன்று. ஐந்து ஹெக்டேர் வரையிலான தனிக் கல்குவாரிகளுக்கும் பொதுவாகக் கருத்துக் கேட்பு கிடையாது. பெரியது நாட்டின் தேவை என்று தப்பிக்கிறது. சிறியது சிறியது என்பதால் தப்பிக்கிறது. ஊராரிடம் கேட்காமல் எடுக்கும் முடிவில் பறவைக்காகப் பேச ஆளே இருக்காது. இந்த விலக்கு திரும்பப் பெறப்பட வேண்டும்.

மும்பைத் தமிழர்களுக்கு இது தொலைதூரச் செய்தியும் இல்லை. தாராவி மறுசீரமைப்பில், அங்கேயே வீடு கிடைக்காதவர்களுக்கான குடியிருப்புகளுக்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் ஏறக்குறைய 256 ஏக்கர் உப்பள நிலத்துக்கு 2024-ல் ஒப்புதல் தரப்பட்டது. உப்பள வரப்புகள் ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் உப்புக்கொத்தியும் முட்டையிடும் வகை நிலம். அருகில் தாணே கழிமுகம், 2022 முதல் ராம்சர் தலம். மூன்று தலைமுறை உழைத்தவர்களை ஊருக்கு வெளியே உப்பு நிலத்துக்கு அனுப்புவதும், அந்த நிலத்தில் முன்பே குடியிருப்பதை எண்ணிப் பார்க்காமல் நிரப்புவதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு முகங்கள். தாராவிக்காரருக்குத் தாராவியிலேயே இடம் கேட்பவர்கள், உப்பளத்தில் மழைக்காலமும் சேர்த்து ஓராண்டு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தும்படியும் கேட்க வேண்டும்.

மே மாத விடுமுறைக்கு நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் போகும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் புறம்போக்கில், குன்றடியில், தேரியில் எந்தப் பறவை தரையில் முட்டையிடுகிறது என்று ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். படம் எடுங்கள், தேதியும் இடமும் குறியுங்கள். ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு உள்ளாட்சியும் வைத்திருக்க வேண்டிய பதிவேடு அது. குவாரிக்கோ சுரங்கத்துக்கோ கருத்துக் கேட்பு அறிவிப்பு வந்தால் முப்பது நாள் அவகாசம் உண்டு. நேரில் போக முடியாவிட்டாலும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பலாம். அந்தக் கடிதத்தில் பறவையின் பெயரும், பார்த்த நாளும், இடமும் இருக்கட்டும்.